நாற்பத்தேழாம் இலக்க மரம்

ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டை மாளிகையின் பூங்காவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். அங்கே எனக்குப் பிடித்த மரம் எது என்று கேட்டால் நாற்பத்தேழு என்பேன். அதற்காக மைஸ்டரோடு, அதாவது எங்கள் தலைமைத் தோட்டக்காரரோடு, மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

குளக்கரையில் இரண்டு டுலிப் மரங்கள். அமெரிக்காவிலிருந்து எந்தக் காலத்திலோ கொண்டுவந்து நட்டவை. இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். இலையுதிர் காலத்தில் வந்த மர நிபுணர் ஒன்றின் அடியில் காளான் கண்டு, உள்ளே உக்கிவிட்டது என்று "இலக்கம் 47, வெட்டவும்" என்று எழுதிவிட்டுப் போனார். பெப்ரவரி முடிந்தால், கூடு கட்டும் பறவைகளுக்காக மரம் வெட்ட விடமாட்டார்கள். அந்தக் கடைசி நாள் காலை, என்னோடு வேலை செய்யும் ரூபன் மெஷின் வாளோடு வந்து நின்றான்.

வெட்டமுதல் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். 47 கணீரென்றது. பக்கத்து 48 கோறை விழுந்ததுபோலத் தொம்மென்றது. டிசம்பரில், ஆணி மரத்துக்குள் புதைந்துபோன இலக்கத் தகடுகளைக் கழற்றித் திரும்ப அடித்தது நான்தான். மழைக்குள் இரண்டையும் ஒரே பைக்குள் போட்டிருந்தேன்.

மைஸ்டரிடம் போய், "தகட்டை மாத்தி அடிச்சுப்போட்டன். வெட்டவேண்டியது மற்ற மரம்" என்றேன்.

"பேப்பரில 47 எண்டுதான் கிடக்கு. இண்டைக்கு விட்டால் இனி ஏலாது. வெட்டுங்கோ" என்றார்.

"வெட்ட விடமாட்டன்."

ரூபன் காதுக்குள் சொன்னான்: "அக்கா, வேலை போயிடும்."

"போனால் போகட்டும். நீ வாளை நிப்பாட்டு."

47க்கு முதுகைக் கொடுத்து நின்றேன். பயமாகத்தான் இருந்தது, கோபம் அதைவிடக் கூட. மைஸ்டர் திட்டிக்கொண்டே நிபுணருக்கு டெலிபோன் எடுத்தார். இலையுதிர் காலத்தில் எடுத்ததென்று அவர் அனுப்பிய படத்தில், காளானுக்கு மேலே பட்டையில் ஒரு கணு தெரிந்தது. அந்தக் கணு 48இல் இருந்தது. மத்தியானம் 48 விழுந்தபோது, அடிக்கட்டைக்குள் என் கை முழங்கை வரை போனது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தகட்டை அடித்தது என்னைப்போல ஒரு ஆள், ஆகவே முதலில் மரத்தைத் தட்டிப் பாருங்கள்.

ஒரு கிழமையில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் இரண்டு குற்றங்கள். தகட்டை மாற்றி அடித்ததை ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன். மைஸ்டர் சொல் கேட்காததற்குக் கீழே, "இனியும் கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.