மூக்கு ஒழுகிய பறவை

கோழி எருவின் நெடியிலேயே வளர்ந்த மூக்கு என்னுடையது. ஆனாலும் எருமப்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் முட்டைக்கோழிப் பண்ணையில், புயல் கரைகடந்து மழை விட்ட ஒரு காலையில், மக்காச்சோள மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்த பழைய மீனெண்ணெய் வாடை எனக்குப் புதிதாக இருந்தது. எட்டிப் பார்த்தால், கரும்பழுப்பு நிறத்தில், உடம்புக்குப் பொருந்தாத நீண்ட இறக்கைகளோடு ஒரு பறவை ஒடுங்கிக் கிடந்தது.

அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சாக்கில் சுற்றித் தூக்கினேன். வாத்துக்கு இருப்பதுபோல் விரலிடைத் தோல், கொக்கி அலகு, அலகின் மேல் குழாய் வைத்த மூக்கு. அதிலிருந்து நீர் சொட்டியது. கீழே விட்டால் நிற்க முடியாமல் காலை மடித்துத் தவழ்ந்தது. அதை எப்படியாவது பறக்கவிட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பா வந்துவிட்டார். எங்கள் பண்ணைக்காரர்கள் எந்தப் பறவையிலும் முதலில் பார்ப்பது காலையும் மூக்கையும்தான். கால் விழுந்து மூக்கு ஒழுகினால் அது "சீக்கு"; சீக்கு கண்டதை "செட்டு" என்கிற கோழிக் கொட்டகைக்குள் ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

"கீழ போடு சாமி! காலு உழுந்துபோச்சு, மூக்கு ஒழுகுது, கண்ணு தெரியலயா? இத உட்டா செட்டே காலியாயிரும்."

"அது கோழி இல்லீங்க சித்தப்பா. தூரமாக் கொண்டுபோயி உட்டுட்டு வாரனுங்க."

"எதா இருந்தா என்ன, சீக்கு சீக்குத்தான்" என்று பிடுங்கிக் கழுத்தைத் திருகினார். குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். நான் அழ அழ என் கையை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார், பாவி மனுஷன்.

வேலைக்குப் போன பிறகு தூத்துக்குடியில் படகேறிப் பறவை பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, அது புயல் உள்நாட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த, பெட்ரல் இனத்துக் கடற்பறவை. கடலிலேயே வாழ்வதால் அதன் கால்களுக்கு நிற்க வலுவில்லை; குடிக்கும் கடல்நீரின் உப்பு மூக்கு வழியே சொட்டும். அந்தக் குழாய்மூக்கை வைத்துத்தான் இனங்காண்கிறார்கள். சித்தப்பா அதை வைத்துத்தான் கொன்றார். யாரைக் காப்பாற்றினார்? அந்தக் கோழிகளையும் முட்டை குறைந்ததும் கறிக்கு லாரி ஏற்றிவிட்டார்.

பண்ணை இப்போது இல்லை. மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, படகிலிருந்து எடுத்த வீடியோவைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அலை மேல் அதே பறவை, இறக்கை அசைக்காமல் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாகப் பார்த்தார்.

"என்னமாப் பறக்குது! இத்தன வயசுக்கு இப்பிடியொரு பறவைய நாங் கண்ணுல பாத்ததில்ல சாமி."

போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.