காய்க்காத பூசணி

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தேன்கூட்டுக்குத் தீப்பந்தம் பிடித்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. லயத்துக்குப் பின்னால் மரப்பொந்தில் இருந்த தேனீக்களை அப்பா கூண்டோடு எரித்துத் தேன் எடுத்தார். எல்லோரும் விரலை நக்கினோம்.

அதன்பிறகு எங்கள் பூசணிக் கொடியில் பூ நிறைய வந்தது. பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது. அடைமழை மாதங்களில் அரிசி பற்றாது. பூசணிக்காய்தான் வயிற்றை நிரப்பும்.

அம்மா விடியலில் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூக்களில் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"என்னா மூக்காயி, பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறியா?" என்று பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருந்த அக்கா சிரித்தாள்.

"ஈ செய்யிற வேலைய எங்க வீட்டு மனுசன் எரிச்சிப்புட்டாரு. வேற யாரு செய்யிறது?" என்றாள் அம்மா.

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்புப் பறை அடித்ததும் அம்மா கூடையோடு ஓடினாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பூவும் கையுமாக அப்பா கொடிக்குள் குனிந்திருந்தார். லயமே கூடிச் சிரித்தது. அவர் நிமிரவில்லை.

நாலு காய் பிடித்தது. அந்த மழையை அதை வைத்துத்தான் தாண்டினோம்.