மத்தியானக் கோடு

ஊர்ல யாருக்கோ மனசு சரியில்லைன்னு அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, அது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாம முழிக்கறதுதான் என் தொழில். தர்மபுரியில ஒரு சின்ன அறக்கட்டளை ஆபீஸ். மனநல ஆலோசனைக்குன்னு ஒரு இணையதளம் நடத்தறோம். அதுல தேடறதுக்கு ஒரு பெட்டி உண்டு. சனங்க அதுல என்ன தேடறாங்க, பெரிய தேடுபொறியில நம்ம மாவட்டத்துக்காரங்க எதை அதிகமா தேடறாங்க, இந்த ரெண்டையும் வாரா வாரம் கோடா வரைவேன். எந்தப் பக்கம் கோடு ஏறுதோ அந்தப் பக்கம் ஆலோசகர் கிளம்பிப் போவாங்க. தேடினவங்க பேரு தெரியாது, நம்பர் தெரியாது. எந்தப் பக்கம், எந்த நேரம், அவ்வளவுதான். வேணும்னேதான் அப்படி வச்சிருக்கோம். பேர் தெரியும்னா நீங்க தேடுவீங்களா?

உங்களைத்தான் கேக்கறேன். எனக்கென்னன்னு தள்ளி உட்காராதீங்க. பொண்டாட்டிகிட்ட, புருஷன்கிட்ட, கூடப் பொறந்தவங்ககிட்ட கேக்க முடியாததைப் போன்கிட்ட கேட்டுட்டு, கேட்ட தடயத்தை அழிச்சுட்டு, யாராச்சும் பார்த்தாங்களான்னு திரும்பிப் பார்த்தவங்கதான் நாம எல்லாரும். என்னமோ நான் மட்டும் யோக்கியன்னு சொல்லல.

பக்கத்து சீட்டுக்காரர்

பாலக்கோட்டுல இருந்து தினமும் பஸ். ஒரு நாள் பக்கத்துல தக்காளி மண்டிக்காரர் ஒருத்தர் உட்கார்ந்தாரு. போன்ல யாரையோ ஏகவசனத்துல திட்டி முடிச்சுட்டு, "தம்பிக்கு எங்க வேலை?"ன்னாரு. இந்தக் கேள்விக்கு நான் சாதாரணமா "கம்ப்யூட்டர்"னு சொல்லித் தப்பிச்சிடுவேன். அன்னிக்கு என்னமோ வாய் சும்மா இருக்கல. முழுசா சொன்னேன்.

மனுஷன் கையில இருந்த போனைச் சட்டைப் பையில போட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அங்க இருந்து எடுத்து, வேட்டியைத் தூக்கி உள்டவுசர் பையில போட்டாரு. அத்தனை சத்தமா பேசினவரு அப்புறம் ஜன்னலையே பார்த்துட்டு வந்தாரு. இறங்கற இடம் வந்ததும் எழுந்தவரு, என் காதுகிட்ட குனிஞ்சு மெதுவா கேட்டாரு.

"நான் ஒருத்தன்தான் அதைத் தேடறனா தம்பி, இல்ல வேற யாராச்சும் தேடறாங்களா? அதை மட்டும் சொல்லு."

துக்கமே இல்லாத மாவட்டம்

வேலைக்குச் சேர்ந்த புதுசுல எந்தெந்த வார்த்தையைக் கவனிக்கணும்னு மேலிடத்துல இருந்து அனுப்பியிருந்தாங்க. மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு. எல்லாம் பாடப்புத்தகத் தமிழ். நம்ம மாவட்டத்துக் கோடு தரையோட தரையா படுத்துக் கிடந்துச்சு. மீட்டிங்குக்கு வந்த அதிகாரி ஒருத்தர் முகமெல்லாம் பல்லா, "அப்போ சந்தோஷமான மாவட்டம்னு போட்டுக்கலாங்களா?"ன்னாரு. போட்டுக்கோங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

மன அழுத்தமா இருக்குதுன்னு எங்க வூட்ல யாராச்சும் சொல்லி நான் கேட்டிருக்கேனா? அதனால நம்ம சனங்க பேசற மாதிரியே உள்ள போட்டேன். 'மனசு ஒரு மாதிரியா இருக்குது', 'நெஞ்சு படபடங்குது', 'காரணமே இல்லாம அழுகை வருது', 'யாரும் இல்லாத வூட்ல பேச்சுச் சத்தம் கேக்குது'. எல்லைப் பக்கத்து ஊருக்காக இதையே கன்னடத்துலயும் தெலுங்குலயும் சேர்த்தேன். ஒரு தடவை பட்டனைத் தட்டினேன். படுத்துக் கிடந்த கோடெல்லாம் ஒண்ணா எழுந்து நின்னுச்சு. இத்தனை நாளா நம்ம முன்னாடியேதான் இருந்திருக்காங்க, நம்ம கண்ணுக்குத்தான் தெரியலைன்னு நினைச்சப்போ, பட்டப்பகல்ல எனக்குப் பயமா இருந்துச்சு.

எங்க ஆபீஸ் வண்டி ஓட்டறவரு முனிரத்னம் அண்ணன். டீ கொண்டு வந்தவரு என் தோளுக்குப் பின்னாடி நின்னு ஸ்கிரீனைப் பார்த்தாரு. "ஒரே ஆளு தேடினாலும் இது ஏறுங்களா சார்?"னு கேட்டாரு. நம்ம தளத்துப் பெட்டியில ஒரே ஆளு தினமும் தேடினாலே கோடு கொஞ்சம் தூக்கும்ணேன்னு சொன்னேன். டீயை மேசையில வச்சுட்டுச் சிரிச்சாரு.

"அப்போ கூட்டத்துல ஒருத்தரு கையைத் தூக்கற மாதிரிதானுங்க."

தக்காளியும் தூக்கமும்

மாரண்டஹள்ளிப் பக்கம் 'தூக்கம் வரல' கோடு திடீர்னு ஏறுச்சு. தக்காளி விலை விழுந்திருக்கும், அதான்னு நானே முடிவு கட்டி, தெரிஞ்ச மண்டியில கேட்டு, விலையையும் ஒரு கோடா வரைஞ்சு பக்கத்துல வச்சேன். பார்த்தா விலை உச்சத்துல நிக்குது. பழைய வாரத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். விலை ஏறும்போதெல்லாம் தூக்கமும் போகுது; விலை தரைக்கு வந்தா ஊரே தூங்குது. ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எத்தனை தடவை போட்டாலும் அப்படியேதான் வந்துச்சு.

எங்க ஆலோசகர் மாதம்மாக்கா, இருபது ஊருக்குத் தெரிஞ்சவங்க. அவங்களோட நானும் கிளம்பினேன். தோட்டத்துல ஒரு விவசாயி பழம் பறிச்சுக் கூடையில போட்டுட்டு இருந்தாரு, கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு. நல்ல விலை விக்குதே, தூங்க வேண்டியதுதானேங்கன்னு அக்கா கேட்டாங்க. அவரு எங்களை ஏற இறங்கப் பார்த்தாரு.

"விலை நிக்கறப்பதானுங்க பயம், எந்த நேரத்துல விழுமோன்னு. விழுந்துட்டா அப்புறம் என்னங்க, படுத்துத் தூங்கிருவோம்."

ஆன்லைன்ல இருக்கறவரு

மொரப்பூர்ப் பக்கத்துல இருந்து ஒரு தேடல் விடாம வந்துட்டே இருந்துச்சு: 'செத்தவங்க நம்பருக்கு மெசேஜ் போட்டா யாரு படிப்பாங்க'. இதைப் படிச்சுட்டு அன்னிக்கு நான் என் போனையே தொடல. அந்தப் பக்கத்து ஊர்ல மாதம்மாக்கா ஒரு மகளிர் கூட்டம் போட்டாங்க. இந்தத் தேடலைப் பத்தி நாங்க மூச்சு விடல. கூட்டம் கலைஞ்சதும் ஒரு அம்மா மட்டும் நின்னு, எங்களை வூட்டுக்குக் கூப்பிட்டாங்க. வழக்கம்போல முனிரத்னம் அண்ணன் வெளிய வண்டியிலயே இருந்துட்டாரு.

அந்தம்மா போனைக் காட்டினாங்க. மேல, தவறிப்போன அவங்க வூட்டுக்காரர் பேரு. படம் இருக்கற இடத்துல யாரோ ஒரு குழந்தை. பேருக்குக் கீழ 'ஆன்லைன்'. நாங்க பார்த்துட்டு இருக்கும்போதே அது மறைஞ்சு திரும்ப வந்துச்சு. எனக்கு வேர்த்துப் போச்சு. மாதம்மாக்கா மட்டும் நிதானமா, ரொம்ப நாள் யாரும் பயன்படுத்தலைன்னா கம்பெனிக்காரங்க அந்த நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னு எடுத்துச் சொன்னாங்க. அந்தம்மா தலையை ஆட்டினாங்க. அது அவங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

"என் மகனும் அதைத்தானுங்க சொன்னான். தினமும் சாப்ட்டீங்களான்னு கேக்கறேன், நீல டிக் வருது, பதில் வரல. படிச்சுட்டுக் கம்முனு இருக்கறதுல மட்டும் அது அவரேதானுங்க."

பெயிண்ட் அடிச்ச வாரம்

இப்ப வர்றதுதான் என்னை ஆட்டி வச்ச கோடு. 'நான் இல்லைன்னா யாருக்கு என்ன'. எங்க தளத்துப் பெட்டியில, தர்மபுரி டவுன்ல இருந்து. வேலை நாள்ல ஏறும், ஞாயித்துக்கிழமை இறங்கும். மத்த கோடு மாதிரி இதைச் சும்மா விட முடியாது, இது உசுரு சம்பந்தப்பட்டது. மாதம்மாக்கா பஸ் ஸ்டாண்ட், காலேஜ், ஹாஸ்டல், கம்பெனின்னு ஒரு இடம் விடல. பாவம், முனிரத்னம் அண்ணன்தான் சந்து சந்தா வண்டியைத் திருப்பிக்கிட்டு அலைஞ்சாரு. ரோட்ல எதிர்ல வர்ற மூஞ்சியெல்லாம் எனக்கு அந்த மூஞ்சியாவே தெரிஞ்சுச்சு.

நடுவுல ஆபீசுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு ஒரு வாரம் பூட்டி, எல்லாருக்கும் லீவு விட்டாங்க. ஊர்ல மத்த எல்லாம் திறந்துதான் இருந்துச்சு. அந்த வாரம் கோடு செத்துப் போச்சு. திறந்த அன்னிக்கு உயிர் வந்துருச்சு. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. தினமும் காலையில ஆபீஸ் திறந்ததும், பூக்கடைக்காரர் சாமி படத்துக்குப் பூ வைக்கற மாதிரி எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கவனிக்கற வார்த்தையையெல்லாம் ஆளாளுக்கு அவங்கவங்க போன்ல, எங்க தளத்துப் பெட்டியில தேடி, எங்க உதவி எண் முதல்ல வருதான்னு பார்ப்போம். அந்தத் தேடலையும் சேர்த்துத்தான் நான் கோடா வரைஞ்சிருக்கேன்! எங்க டாக்டரம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "பேய் பிடிக்கப் போய் நாமளே பேயா நின்னிருக்கோம்"னாங்க.

அந்த வழக்கத்தை அன்னியோட நிறுத்தினோம். கோடு மளமளன்னு இறங்குச்சு. ஆனா முழுசா இறங்கல. அடியில ஒரு துளி மட்டும் நின்னுச்சு. வேலை நாள், சரியா சாப்பாட்டு நேரம். பெயிண்ட் அடிச்ச வாரத்துல அதுவும் இல்ல. டாக்டரம்மா சிரிப்பு நின்னு போச்சு. மாதம்மாக்கா கதவைச் சாத்திட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாங்க.

"காலையில தேடினது நாம. மத்தியானம் தேடறது நம்மள்ல யாரு தம்பி?"

ஏசி இல்லாத வண்டி

எங்க ஆபீஸ்ல மொத்தமே டாக்டரம்மா, மாதம்மாக்கா, உதவி எண் எடுக்கற ரெண்டு பொண்ணுங்க, முனிரத்னம் அண்ணன், நான். பேர் தெரியக்கூடாதுன்னு வச்சது நாங்கதான், இப்போ தெரியாம தவிக்கறதும் நாங்கதான். ஒவ்வொரு மூஞ்சியா பார்த்தேன். எல்லாரும் எப்பவும் போல இருந்தாங்க. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்துச்சு. மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறந்து ஒரே மேசையில உட்கார்ந்தோம். ஒரு நாற்காலி காலி. அது எப்பவும் காலிதான். "வண்டியில ஏசி இருக்குதுங்க சார், சுகமா சாப்பிடுவேன்"னு சிரிச்சுட்டுப் போயிருவாரு முனிரத்னம் அண்ணன். அந்த வண்டியில ஏசி வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்ல.

என் டப்பாவைத் தூக்கிட்டு இறங்கிப் போனேன். அந்த வெயில்ல கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருந்தாரு. திறக்காத டப்பா மடியில, கையில போன், போன்ல எங்க தளம். கதவைத் திறந்து பக்கத்துல உட்கார்ந்தேன். என்ன பேசறதுன்னு தெரியாம, என் தயிர்சாதத்துல பாதியை அவரு டப்பா மூடியில வச்சேன். சாப்பிட்டாரு. நேராக் கேளு, சுத்தி வளைக்காதன்னு மாதம்மாக்கா எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. "சாகணும்னு தோணுதாண்ணே?"ன்னேன். "தோணுதுங்க சார்"னாரு, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி.

அவரு சம்சாரம் தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. காரியத்துக்கு நாங்க எல்லாரும் போயிருந்தோம். அடுத்த வாரமே வேலைக்கு வந்து ஜோக் அடிச்சாரு, நாங்களும் சிரிச்சோம். ஊர்ல எல்லார் வூட்டு வாசலுக்கும் எங்களைக் கொண்டு போய் விட்டுட்டு, வெளியவே நின்னிருக்காரு மனுஷன். மாதம்மாக்கா டவுன் பூரா அந்த ஆளைத் தேடினாங்களே, அப்போ வண்டி ஓட்டினதும் இவருதான். "அப்பவே ஏண்ணே சொல்லல?"ன்னு கேட்டேன். எனக்கு அழுகை வந்துருச்சு, மறைக்கல. அவரு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாரு.

"யாரு கோடு ஏறுனாலும் என்னைத்தான் வண்டியை எடுக்கச் சொல்றீங்க. என் கோடு ஏறுனா யாரு சார் எடுப்பாங்க? அதான், நடந்தாச்சும் யாராவது வருவீங்களான்னு பார்த்துட்டே இருந்தேன்."

அன்னிக்கே டாக்டரம்மா அவரைக் கூட்டி வச்சுப் பேசினாங்க. மருந்தும் பேச்சும் இப்பவும் நடக்குது. ராத்திரிக்குத் தங்கச்சி வூட்ல இருக்காரு. சில நாள் நல்லா இருக்காரு, சில நாள் இல்ல. இல்லாத நாளைச் சொல்லிடறாரு. மத்தியானம் நாங்க ஆறு பேரும் அந்த ஏசி இல்லாத வண்டியிலதான் நெருக்கியடிச்சு உட்கார்ந்து, வேர்த்து வடிஞ்சு சாப்பிடறோம்.

மாவட்டம் பூரா யாரு மனசு எப்படி இருக்குன்னு கோடு போட்டுப் பார்க்கற இந்தத் தொழில்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை எங்க கொண்டு போய்த் திறக்கணும்ங்கற ஒண்ணைத்தான்.