கம்பளி விரித்த கூட்டம்

அம்மா இறந்த பிறகு எனக்கு வீடுகளுக்குக் குறைவில்லை. அத்தை வீட்டில் தலைசீவிக்கொண்டு, பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு, எந்த வீட்டில் தூக்கம் வந்ததோ அங்கேயே படுத்துக்கொள்வேன். அப்பா கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி ஏற்றிய லாரியை வடக்கே ஓட்டிச் சென்றால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். எங்கள் வீடு பூட்டியே கிடக்கும். தெலுங்கு பேசும் எங்கள் தெருவில் தாயில்லாப் பிள்ளையை இப்படித் தெருவே வளர்ப்பது வழக்கம்.

ஒருநாள் பள்ளிக்கு வந்த குழந்தைகள் நல அதிகாரி, என் வீடு எது என்று கேட்டார். முந்திக்கொண்டு விடை சொல்லும் மாணவியின் பெருமையோடு நான் ஏழெட்டு வீடுகளைச் சொன்னேன். எப்போதும் ஆள் இருக்கிற ஒரு வீடு பொறுப்பேற்காவிட்டால் என்னைத் தூத்துக்குடிக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்று அவர், அப்போது ஊரிலிருந்த அப்பாவிடம் சொல்லிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்காக வேப்பமரத்தடியில் கருங்கம்பளியை விரித்தார்கள். அதன்மேல் முடிவானதை எங்களவர் மீறுவதில்லை. முடிவைக் கேட்க வந்த அதிகாரிக்கு நாற்காலி போட்டார்கள். பேச்சு மட்டும், கம்பளி வழக்கப்படி, தெலுங்கில் நடந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஏ மதினி, காய்ச்சல்ல கெடந்தவள மடியில போட்டுக்கிட்டு இருந்தது நானா, நீங்களா?" என்றாள் அத்தை.

"சோறு எங்க வீட்டுலதான திங்கா? ஒன் கம்மங்கூழ அவ தொடுவாளான்னு கேட்டுப் பாரு!" என்றாள் பெரியம்மா.

"ரெண்டு பேரும் சண்ட போடாதிய. எனக்குத்தான் பொம்பளப் பிள்ள இல்ல, எனக்குக் குடுங்க" என்று தாய்மாமா இடையில் புகுந்தார்.

தெலுங்கு புரியாமல் கூச்சலில் மிரண்ட அதிகாரி என் பக்கம் குனிந்தார். "ஒன்ன வச்சுக்கிட மாட்டோம்னு சொல்லுதாங்களா பாப்பா?"

"இல்ல மேடம். எல்லாருக்கும் நான் வேணுமாம்."

அவர் என்னையும் கம்பளியையும் மாறிமாறிப் பார்த்தார்.

கடைசியில் ஊர்ப் பெரியவர் அப்பாவிடம் திரும்பினார். "பெத்தவன் நீ இருக்கேல்லா? நீ கேட்டா மத்தவுக வாயத் தெறக்க முடியாது. என்னப்பா சொல்லுத?"

அப்பா கம்பளியின் ஓரத்து இழையை உருவிக்கொண்டிருந்தார். பெரியவர் மறுபடியும் கேட்டார். அப்பா இன்னொரு இழையை உருவினார். நான் அத்தைக்கு என்று முடிவாயிற்று. அதிகாரியும் சம்மதித்துக் கிளம்பினார்.

அன்று மாலையே அப்பா என் துணிகளையும் புத்தகப்பையையும் சுமந்துகொண்டு அத்தை வீட்டுக்கு விரைந்தார். இத்தனை பேர் கேட்ட என்னை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லையே என்று எனக்கு ஆறவில்லை. கேட்டிருந்தால் நான் அவருக்கே கிடைத்திருப்பேன். ஆனால் அதிகாரி எங்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கையோடு காப்பகத்துக்கு அழைத்துப் போயிருப்பார். இதை எண்ணிப்பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த முறை லாரி புறப்படும்வரை நான் அவரோடு பேசவேயில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.