முப்பத்தோராம் பக்கம்

காலை ஏழேகாலுக்கு, பிரிக்பீல்ட்ஸ் நடைபாலத்தின் நடுவில் நின்று குதிகால்களை உயர்த்தி இறக்குகிறார் கிரிகரி. கைப்பிடியைத் தொடுவதில்லை. பாலம் மெல்லத் துள்ளுகிறது.

"அங்கிள், எக்சர்சைஸ கீழ போய்ச் செய்ங்க லா, ஏற்கனவே ஆடுது!" என்கிறாள் ரயிலுக்கு ஓடும் துணிக்கடைப் பெண்.

"சாரிம்மா" என்று ஒதுங்குகிறார்.

ஐம்பத்தெட்டு வயது, ரயில்வே குடும்பத்துப் பிள்ளை, கட்டமைப்புப் பொறியாளர். பாலத்தைக் கணினியில் சிறு கட்டங்களாகப் பிரித்து, பாரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு வளையும் என்று கணித்துக் கூட்டுவது அவர் தொழில். ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்பார்கள். சில வேளைகளில் கட்டங்கள் நெறிகெட்டு நெளியும். அந்த நெளிவு இரும்பில் இல்லை, கணக்கின் நோய். அதை அடக்கச் சிறிது செயற்கை விறைப்பைச் சேர்ப்பதுண்டு, உப்பிடுவதுபோல. இந்தப் பாலத்தின் கணக்கில், கெடு முடியவிருந்த ஒரு பிற்பகலில், கிரிகரி அதை அள்ளிக் கொட்டினார். திரையில் பாலம் பாறையாக நின்றது. மொத்தத்தில் அந்த விறைப்பின் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது. பதினெட்டு என்று காட்டிய, தாம் கையெழுத்தும் இட்டிருந்த முப்பத்தோராம் பக்கத்தை அறிக்கையிலிருந்து உருவிவிட்டார்.

திறந்த மாதமே பாலம் துள்ளியது. விழும் ஆபத்தில்லை என்று சோதித்தவர்கள் கூறினர். பழி மட்டும் வெல்டிங் மீது விழுந்தது. அந்த வெல்டிங்கைச் செய்த, ஸ்ரீ கெம்பாங்கானில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் தம்புசாமிக்கு அதன்பின் எவரும் பாலவேலை தரவில்லை. இப்போது அவர் வீட்டுக் கம்பிக்கதவுகள் செய்கிறார். விசாரணைக் கூட்டத்தில் கிரிகரி வாய் திறக்கவில்லை.

அடுத்த ஈராண்டும் அந்த நெளிவை ஒழிப்பதிலேயே கழிந்தது. கையால் எண் இடாமல், இரும்பின் குணத்திலிருந்தே விறைப்பை அளந்தெடுக்கும் வழியொன்றைக் கண்டார். அலுவலகத்தில் கைதட்டியபோது தம் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அவருடைய எந்த அறிக்கையிலும், செயற்கை விறைப்பின் பங்கைக் காட்டும் பட்டியல்தான் முதல் பக்கம்.

"மக கல்யாணப் பத்திரிகையிலயும் இந்த டேபிளதான் முதல்ல போடுவீங்களா சார்?" என்பாள் உடன் வேலை செய்யும் டீனா. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவரும் சிரிப்பார்.

சென்ற வாரம் பாலத்தின் மறுமுனையிலிருந்து தம்புசாமியே வந்தார். கிரிகரியைக் கண்டதும் வழக்கம்போல் அவர் தலை தாழ்ந்தது.

"பாஸ், எந்த ஜாயின்ட்ல தப்புப் பண்ணேன்னு இன்னும் புடிபடல. உங்க டிசைனையே கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க லா."

இப்படிக் கேட்பது இது மூன்றாம் முறை. கிரிகரி சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். மடிப்புகள் வெளுத்துப்போயிருந்தன.

"என்னா பாஸ் இது? நமக்கு இதெல்லாம் புரியாதே."

"உங்க வெல்டிங் இல்லண்ணே. இதுதான்."

தம்புசாமி தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கிரிகரி அதை நேராகத் திருப்பி, பதினெட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு அதை மெல்லக் கீழே நகர்த்தித் தம் கையெழுத்தின் மேல் நிறுத்தி, அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றார்.