மேசைக்கடியில் பார்த்த பிறகே கதவு

பூங்காவனம் மலாக்கா மருத்துவமனைக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கையில் ஒரு தகரக் குவளை, முதுகில் தம்பி நல்லையா. மலாயாவின் அவசரகாலக் கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிந்து, பெற்றோர் இறந்துவிட்டார்கள். ரப்பர் லாரியில் ஏறிப் பிள்ளைகள் தாங்களாகவே டவுனுக்கு வந்திருந்தார்கள். தம்பிக்கு மலேரியா. நான் அந்த வார்டில் தாதி; எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள்.

காய்ச்சல் இறங்கியதும், அவளுக்கு ஓர் அனாதை விடுதி, தம்பிக்கு வேறு ஊரில் ஒரு விடுதி என்றார்கள் நலத்துறையார். அதைக் கேட்டதிலிருந்து அவள் தம்பியின் சட்டையை விடவில்லை. இருவரையும் சேர்த்தேதான் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

விடுதியில் இடம் வரும்வரை காஜா பெராங் பகுதியில் பாக்கியலட்சுமி அக்கா வீட்டில் விட்டேன். அவர்கள் மலாக்கா செட்டிகள், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழரின் வழிவந்தவர்கள். நம் சாமியைக் கும்பிடுவார்கள். வீட்டில் பேசுவது மலாய். அவர்கள் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் பார்ச்சு வைப்பார்கள். துணி விரித்த மேசையில் முன்னோருக்கு இலை போட்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் மீன் குழம்பும் பரிமாறி, சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். முன்னோர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். ஐம்பத்தேழாம் ஆண்டுப் பார்ச்சுக்கு நானும் போயிருந்தேன்.

கதவைச் சாத்திய பிறகு பூங்காவனம் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். “தம்பியக் காணோம் மிஸ்ஸி!”

கொல்லையெல்லாம் தேடினோம். கடைசியில் அக்காவின் கணவர் பொன்னுதுரை கதவைத் திறந்தார். அவருடைய அப்பாவுக்குப் போட்ட இலை துடைத்துவிட்டது போல் காலி. மேசைத் துணிக்குப் பின்னால் நல்லையா தூங்கிக்கொண்டிருந்தான். கன்னமெல்லாம் குழம்பு.

“அப்பா இலை! அவரு பசியோட திரும்பிப் போயிருப்பாரே!” என்று கத்தினார் பொன்னுதுரை.

பூங்காவனம் முன்னால் வந்தாள். “நான்தாங்க சாப்பிட்டேன். என்னை மட்டும் அனுப்பிடுங்க. தம்பி இங்கயே இருக்கட்டும்.”

அவள் சொன்னதை அவர்களுக்கு மலாயில் சொன்னேன்.

“குழம்பு அவன் மூஞ்சில இருக்கு, சாப்பிட்டது இவளாம்,” என்றார் பொன்னுதுரை.

பாக்கியலட்சுமி அக்கா இலையைக் குனிந்து பார்த்தார். “கல்யாணமாகி வந்ததுலேருந்து உங்கப்பாவுக்குப் பரிமாறுறேன். ஒரு தடவையாச்சும் இலையைக் காலி பண்ணியிருக்காரா? இன்னிக்குத்தான் என் குழம்புக்கு மரியாதை கெடச்சிருக்கு. மீன் தலைய மட்டும் விட்டு வச்சிருக்கான், பாருங்க.”

“அப்பாவும் தலையைத் தொடமாட்டாரு,” என்றார் அவர், மெதுவாக. உடனே முறைத்தார். “அதுக்காக இவன் எங்கப்பனா?”

“உங்கப்பனோ இல்லையோ, சோறு போடாம அனுப்புற வீடு இது இல்ல. மிஸ்ஸி, விடுதிக்காரங்ககிட்ட ரெண்டு பேருமே வரலேன்னு சொல்லிடு.”

பொன்னுதுரை புது இலை போட்டு, மேசைக்கடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அதுதான் அவருடைய சம்மதம்.

அந்த ஆகஸ்டில் மலாயா சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பூங்காவனமும் தம்பியும் ஒரே துணியில் தைத்த உடுப்போடு வந்தார்கள். பூங்காவனம் வளர்ந்து கல்யாண வீடுகளுக்குச் சமைத்தாள்; வாயும் மிளகாய் போலக் காரம்தான். நல்லையா பத்து பெரெண்டாம் என்னும் ஊருக்கு ஓடும் பஸ்ஸின் ஓட்டுநரானான். அந்த வீட்டுப் பார்ச்சுச் சமையல் இப்போது அவளுடையது. போன தடவை கதவைச் சாத்தும் முன் கத்தினாள்.

“டேய், மேசைக்கடியில பாரு!”

“நான் வெளியதானே நிக்கிறேன், அக்கா!”

“உன்னை யாருடா தேடினா? உன் மகனைப் பாரு!”

நல்லையா முனகிக்கொண்டே குனிந்து துணியைத் தூக்கினான். பையன் உள்ளேதான் இருந்தான்.