குளிரில் முரண்டு பிடித்த தண்ணீர் லாரி

டிசம்பர் பிறந்தால் போதும், என் தண்ணீர் லாரி முரண்டு பிடிக்கும். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெயில் ஏறியபின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பழைய வண்டிதான், ஒத்துக்கொள்கிறேன். வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்ட்காரர்களுக்கு அந்தக் கதையெல்லாம் எதற்கு? ஆறரைக்குத் தண்ணீர் வராவிட்டால் செக்யூரிட்டியிலிருந்து செக்ரெட்டரி வரை போனில் என்னைக் கிழிப்பார்கள்.

வண்டி ஓட்டியது என் மச்சினன், மனைவியின் தம்பி. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்கு நான்தான் சாவி கொடுத்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. சாயங்காலம் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டே பேட்டரியைக் காலி பண்ணுகிறான் என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் பாட்டுப் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டான். மறுநாளும் அதே 'டக்'.

புது பேட்டரி போட்டேன். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் பனி கொட்டியது, வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. என் நாக்கில் சனி. பேட்டரிப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், புதுசை விற்றுவிட்டுப் பழசை மாட்டினாயா என்று கேட்டேன். மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவன் அக்காவை ஒருமுறை பார்த்தான். சாவியை சீட்டில் வைத்துவிட்டு நடந்தான். போனால் போ என்றேன்.

மெக்கானிக் வந்தார். பேட்டரி புதுசுதான். அதன் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த வயரை நேராக இன்ஜினில் வைத்துப் பிடித்தார். அந்தக் குளிரிலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அப்புறம் பேட்டரியின் எர்த் வயரை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அதற்கு அடியில் கருப்புப் பெயிண்ட் பளபளத்தது.

"பெயிண்ட் மேலயே எர்த்த மாட்டுனா கரண்ட் எப்டிய்யா போகும்? குளிர்ல இன்ஜின் இறுகிக் கெடக்கும், அப்போதான் நெறைய கரண்ட் வேணும்."

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. சோதனைக்குக் காட்ட வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். சுரண்டாமல் கொள்ளாமல் வயரைத் திரும்ப முடுக்கியவனும் நானேதான். பெயிண்டர் செய்த வேலை என்று மெக்கானிக்கிடம் வாய்கூசாமல் சொன்னேன்.

அன்றைக்கே, வேலை கிடைத்தபின் விவேக் நகரில் மச்சினன் குடிவந்திருந்த வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே கூப்பிடவில்லை. வண்டி சரியாகிவிட்டது, நாளைக்கு வந்துவிடு என்றேன்.

"பேட்டரி புதுசா பழசா, பாத்தீங்களா மாமா?"

"புதுசுதான்."

"அத அக்கா முன்னாடி சொல்லுங்க. அப்புறம் வரேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், போன காரியம் என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். உன் தம்பிக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக லாரியை நானே ஓட்டுகிறேன்.